உழாமல் விட்ட காடு

போன சித்திரையில் ஒரு நாள் காலை, சாளை வீட்டுத் திண்ணையில் மூன்று கண்ணாடி டம்ளர்களை வரிசையாக வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். பக்கத்தில் மூன்று மண்கட்டிகள். ஒரு வாரம் நிழலில் காயப்போட்டது, ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அளவு. ஒன்று எங்கள் தென்னந்தோப்பில் எடுத்தது. இன்னொன்று வேலிக்கு அந்தப் பக்கம், பெரியப்பாவின் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், எடுத்தது. மூன்றாவதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். மூன்றுமே ஒரே செம்மண்தான். கொறங்காட்டுக் கட்டி கொஞ்சம் கருத்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தோப்பு மண்ணை முதலில் போட்டேன். போட்டதும் ஓரமெல்லாம் பொரிந்து உதிர ஆரம்பித்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, கட்டி இருந்த இடத்தில் ஒரு சின்னக் குவியல் கிடந்தது, டம்ளர் முழுக்கச் செந்நீர். அடுத்து கொறங்காட்டுக் கட்டி. அதிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன, அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. அப்பா பால் கறந்து ஊற்றிவிட்டு வந்து பார்த்தபோதும் கட்டி போட்டது போட்டபடி இருந்தது. நூல் மாதிரி புல் வேர்கள் அதிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தன. தண்ணீர் அத்தனை தெளிவு; டம்ளர் வழியாகப் பார்த்தால் கட்டுத்தரையில் நின்ற எருமை தெரிந்தது.

அப்பா இரண்டு டம்ளரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

காய்ந்த மண்கட்டிக்குள் நுண்துளைகள் நிறையக் காற்று இருக்கும். நாலு பக்கமும் தண்ணீர் நுழையும்போது அந்தக் காற்று உள்ளே நெருக்கப்பட்டு வெளியே வர முட்டும். மண் துகள்களைப் பிடித்து வைக்கிற பசை இருந்தால் கட்டி தாங்கும். இல்லையென்றால் வெடித்து உதிரும். அந்தப் பசையை நாம் கடையில் வாங்கிப் போட முடியாது. உயிருள்ள வேர் கசிய விடுகிற சாறு, அதைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள், வேரோடு சேர்ந்து வளரும் பூஞ்சை இழைகள், மண்புழுவின் கழிவு, எல்லாம் சேர்ந்து செய்கிற பசை அது. வேர் இல்லாத மண்ணில் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகும்.

டம்ளரில் நடந்ததுதான் மழை நாளில் காட்டிலும், அதாவது எங்கள் விளைநிலத்திலும், நடக்கிறது. வெற்று மண் மீது மழைத்துளி அடிக்கிறது, கட்டி உடைகிறது, உடைந்த பொடி துளைகளை அடைக்கிறது, மேலே பொருக்குத் தட்டுகிறது. அப்புறம் பெய்கிற மழை எல்லாம் வழிந்து இட்டேரிக்கு (இரு வேலிகளுக்கு நடுவில் போகும் வண்டித்தடத்துக்கு) போய், அங்கிருந்து ரோட்டுக்குப் போய்விடுகிறது. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் 4,000 லிட்டர் தண்ணீர். ஐப்பசியில் ஒரே ராத்திரி 50 மில்லிமீட்டர் கொட்டினால் ஏக்கருக்கு இரண்டு லட்சம் லிட்டர். எங்கள் பக்கம் வருடத்துக்குப் பெய்வதே ஏறத்தாழ 600 மில்லிமீட்டர்தான், அதிலும் பெரும்பகுதி இப்படிச் சில ராத்திரிகளில் வந்து போய்விடும். அந்தத் தண்ணீரை ரோட்டில் ஓடவிட்டுவிட்டு, ஆயிரம் அடிக்குப் போர் போட்டுத் தண்ணீர் தேடுகிறோம்.

எங்கள் காடு காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. வரப்பில் நின்றால் ஊதியூர் மலை தெரியும். கொறங்காடு என்றால் இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அது தரிசு கிடையாது, புறம்போக்கும் கிடையாது. பட்டா நிலத்தில், நாலு பக்கமும் கிளுவை வேலி வைத்து, மேய்ச்சலுக்கென்றே விட்டு வைத்த காடு. தரையில் கொழுக்கட்டைப்புல், அதற்குள் நரிப்பயறு, கொழிஞ்சி மாதிரி தானாக வரும் செடிகள், மேலே அங்கங்கே வெள்வேல். புல் ஆழமாக வேர் விட்டிருக்கும். கோடையில் காய்ந்து சருகாக நின்றாலும் அடித்தூர் சாகாது. ஒரு மழை போதும், நாலைந்து நாளில் பச்சை கட்டும். வெள்வேல் கோடையில் காயை உதிர்க்கும், புல் இல்லாத அந்த நாட்களில் ஆடுகளுக்கு அதுதான் தீனி. காட்டைத் துண்டு துண்டாக வேலி போட்டுப் பிரித்து, ஒன்று மேய்ந்து முடிந்ததும் அடுத்ததுக்கு மாற்றுவார்கள். மேய்ந்த துண்டு தழையும் வரை அதில் கால் வைக்கக் கூடாது.

காங்கேயம் மாடு இந்தப் புல்லில்தான் உருவானது. மயிலை, பிள்ளை, செவலை, காரி என்று நிறம் பார்த்துச் சொல்லும் அந்த மாடுகளை வளர்த்துப் பெயர் வாங்கிக் கொடுத்த பழையகோட்டைப் பட்டக்காரர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். மாட்டைப் பற்றிப் பேசும் அளவுக்கு அது தின்ற புல்லைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் வருத்தம். குட்டப்பாளையத்தில் இருக்கும் சேனாபதி காங்கேயம் மாட்டு ஆராய்ச்சி நிறுவனத்தார் மாட்டோடு சேர்த்துக் கொறங்காட்டையும் பேசுகிறார்கள். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

அப்பாரு (தாத்தா) காலத்தில் எங்களுக்குப் பன்னிரண்டு ஏக்கர். கிணற்றைச் சுற்றி நாலு ஏக்கர் தோட்டம், நாலு ஏக்கர் மானாவாரிக் காடு, மிச்சம் நாலு ஏக்கர் கொறங்காடு. சின்ன வயதில் எனக்கு இது புரியவே இல்லை. இவ்வளவு நிலத்தை எதற்குச் சும்மா போட்டிருக்கிறீர்கள் என்று அப்பாருவிடம் கேட்டிருக்கிறேன். "அது சும்மா கெடக்கலை கண்ணு, மத்த எட்டு ஏக்கரையும் அதுதான் தூக்கி நிறுத்துது" என்றார். ஏதோ பெரியவர் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

அவர் சொன்னது அப்படியே கணக்கு. பகல் முழுக்க மாடும் ஆடும் கொறங்காட்டில் மேய்கின்றன. பொழுதோடு கட்டுத்தரைக்கும் பட்டிக்கும் திரும்புகின்றன. ராத்திரி போடுகிற சாணமும் புழுக்கையும் எருக்குழிக்குப் போய், சித்திரை வைகாசியில் வண்டி கட்டித் தோட்டத்துக்கும் காட்டுக்கும் போகிறது. அதாவது நாலு ஏக்கர் புல் பிடித்த வெயில், கால்நடையின் வயிறு வழியாக, எட்டு ஏக்கர் மண்ணுக்குள் இறங்குகிறது. மானாவாரிக் காட்டில் சோளம், அதற்குள்ளேயே தட்டப்பயிறும் மொச்சையும் துவரையும், ஓரத்தில் ஆமணக்கு. சோளத்தட்டு மாட்டுக்கு, தானியம் குதிருக்கு. ஆத்தா செம்மண் கட்டிக் காயவைத்த துவரை ஒரு பானையில், சாம்பல் கலந்த விதை இன்னொரு பானையில். கம்மஞ்சோறு, கொள்ளுப் பருப்பு, மோர் என்று சாப்பாட்டில் பாதிக்கு மேல் வேலிக்குள்ளேயே விளைந்தது. ஒரு வருடம் மழை பொய்த்தால் சோளம் போகும். ஆனால் ஆடு இருக்கும், விற்கலாம். வேலங்காய் இருக்கும். எல்லாம் ஒரே நாளில் போகாது.

தொண்ணூறுகளின் கடைசியில் போர் போட்டோம். தண்ணீர் நன்றாக வந்தது. அப்பா கொறங்காட்டை ஓட்டினார், வெள்வேலையும் கிளுவையையும் வெட்டினார், தென்னை வைத்தார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. அன்றைக்கு எல்லோரும் அதைத்தான் செய்தார்கள், தேங்காய்க்கு நல்ல விலை, வீட்டில் இரண்டு பேரைப் படிக்க வைக்க வேண்டியிருந்தது. புல் போனதும் மாடு குறைந்தது, கடைசி ஜோடிக் காளையைக் கண்ணபுரம் சந்தையில் விற்றோம். சாணம் நின்றதும் மூட்டையில் உரம் வந்தது. மாதம் ஒரு முறை ரோட்டவேட்டர் ஓட்டித் தோப்பைத் துடைத்து வைத்திருப்பார் அப்பா. தோப்புக்குள் கோலம் போடலாம் என்று ஒறம்பரைக்கு (விருந்தாளியாக) வருகிறவர்கள் சொல்வார்கள். அந்தச் சுத்தம்தான் மண்ணைத் தின்றது என்பது எங்களுக்கு யாருக்கும் தெரியவில்லை. புல் பூண்டு ஒன்றும் இல்லாமல், வருடம் முழுக்க வெயிலில் வெந்த மண்.

2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. அதே வருடம்தான் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்து, அப்புறம் எல்லாப் பக்கமும் பரவியது. எங்கள் போர் 2017 மாசியில் தண்ணீர் வற்றிக் காற்று தள்ளியது. லாரித் தண்ணீர் வாங்கி மரத்துக்கு ஊற்றினோம். நான் அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பளத்தில் பாதி தண்ணீருக்குப் போனது. ஊற்றிய தண்ணீர் பாத்தியில் நிற்காமல் வெடிப்பில் இறங்கிக் காணாமல் போகும், மறுநாள் பார்த்தால் மேல்மண் ஓடு மாதிரி காய்ந்திருக்கும். கொறங்காடாக இருந்த நாலு ஏக்கரில் இரண்டு ஏக்கர் தென்னை மொட்டையாக நின்று செத்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் காடு. அவர் கொறங்காட்டை ஓட்டவே இல்லை. அந்தக் கோடையிலும் அவர் ஆடு மேய்த்தார். சிலதை விற்றார், தாய் ஆடுகளை வைத்துக்கொண்டார். அடுத்த மழைக்கு அவர் காடு ஒரே வாரத்தில் பச்சையானது, எங்கள் பக்கம் செத்த மரங்கள் நின்றன. அந்த வேலியோரம் நின்ற நாள்தான் நான் ஊருக்குத் திரும்ப முடிவு செய்தது.

திரும்பி வந்தவனுக்கு எல்லோரும் சொன்ன முதல் ஆலோசனை டிரம்மில் கலக்கும் கரைசல். ஜீவாமிர்தம் போடு, பஞ்சகவ்யம் தெளி, மண் தானாக மாறும் என்றார்கள். எனக்கு இரண்டின் மீதும் மரியாதை உண்டு. பஞ்சகவ்யத்தை வயலுக்குக் கொண்டுவந்தவர் எங்கள் கொடுமுடி மருத்துவர் நடராஜன். மூன்று சதவீதக் கரைசலாக இன்றும் நான் தெளிக்கிறேன், செடி முகம் தெளிகிறது. ஆனால் கணக்குப் பாருங்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தத்தில் இருப்பது 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், கொஞ்சம் வெல்லம், கொஞ்சம் பயறு மாவு. அது உறை மோர் மாதிரி. பால் இருந்தால்தானே தயிர் ஆகும்? மண்ணில் தின்ன ஒன்றுமே இல்லாத இடத்தில் நுண்ணுயிரை ஊற்றி என்ன பயன்? மண்ணுக்கு முதலில் வேண்டியது டன் கணக்கில் தழை, வேர், சாணம். நான் இரண்டு வருடம் டிரம்மையே நம்பி ஓட்டியதால் இதை அழுத்திச் சொல்கிறேன். புதிதாக வருகிறவர்கள் அந்த இரண்டு வருடத்தை இழக்க வேண்டாம்.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை வயல் இருக்கிறது. அதே பாத்திக்கு அதே உரம் என்று நூறு வருடத்துக்கு மேலாகப் போட்டு வருகிறார்கள். அங்கே தழைச்சத்தை மட்டும் தனியாகப் போட்ட பாத்திகள் தேறவில்லை. தொழுவுரம் விழுந்த பாத்திகளில் மண்ணின் கரிமச்சத்து நிற்கிறது. உர மூட்டை எதிரி என்று நான் சொல்ல வரவில்லை. சாணத்துக்குப் பதிலாக மூட்டை என்று மாற்றிக்கொண்டோமே, தவறு அங்கேதான்.

செத்த மரங்களை எடுத்த இரண்டு ஏக்கரில் முதலில் பலதானியம் விதைத்தேன். மகாராஷ்டிரத்தின் வேளாண் அறிஞர் தபோல்கர் சொன்ன முறை, இயற்கை விவசாயத்துக்காக உழைத்த நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக நடந்து தமிழ்நாட்டுக்கு அதைக் கொண்டு சேர்த்தார். சோளம், கம்பு, தினை, சாமை. உளுந்து, பாசிப்பயறு, தட்டப்பயிறு, துவரை. எள், நிலக்கடலை, ஆமணக்கு, சூரியகாந்தி. சணப்பு, தக்கைப்பூண்டு, நரிப்பயறு, கொள்ளு. கடுகு, வெந்தயம், கொத்தமல்லி, சீரகம் என்று கலந்து வீசுவது. ஒன்று ஆழ வேர் விடும், ஒன்று மேலே படரும், ஒன்று நிழல் கட்டும். பூக்கும் சமயத்தில் மண்ணோடு மடக்கி உழுதுவிட வேண்டும். காய் பிடித்துவிட்டால் தண்டு நாராகி மட்க நாள் ஆகும்.

ஐம்பதாவது நாள் ஒரு தட்டப்பயிறுச் செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தேன். கடுகும் மிளகுமாக முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு, ரத்தம் கலந்த மாதிரி. அந்தச் சிவப்பு இருந்தால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கிற வேலை நடக்கிறது என்று அர்த்தம், வெளுத்திருந்தால் நடக்கவில்லை. இருபது வருடம் உர மூட்டை மட்டுமே பார்த்த மண்ணில் அந்தச் சிவப்பைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. செடியோடு வீட்டுக்கு ஓடிப் போய் அம்மாவிடம் காட்டினேன்.

மடக்கிய பிறகு அதே இடத்தில் ஆட்டுப்பட்டி போட்டோம். பெரியப்பாவின் ஆடுகளைத்தான் கேட்டேன். ராத்திரி அடைத்து, இரண்டு நாளுக்கு ஒரு முறை பட்டியை நகர்த்தி, இரண்டு ஏக்கரையும் சுற்றி முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் ஒன்றாக, காயாமல், விழுந்த இடத்திலேயே மண்ணோடு சேர்கின்றன. எருவை அள்ளி வண்டியேற்றிக் கொட்டிப் பரப்பும் கூலியும் மிச்சம். இந்தக் காலத்தில் கூலிக்கு ஆள் கிடைப்பதுதான் விவசாயத்தில் பாதிப் பிரச்சினை.

அடுத்தது புல். அந்த ஐப்பசியில் பெரியப்பாவின் காட்டில் கொழுக்கட்டைப்புல் கதிரை உருவினேன். விதை பஞ்சு மாதிரி, கையில் நிற்காமல் பறக்கும். ஈர மண்ணோடு பிசைந்து, மழை ஈரம் இருக்கும்போதே உடனே விதைத்தேன். மழையும் தோதாக வந்தது. இருபது நாள், ஒரு மாதம், ஒன்றும் முளைக்கவில்லை. அங்கொன்று இங்கொன்று. எறும்பு தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றே நினைத்தேன்.

"எப்ப உருவுன வெதை?" என்றார் பெரியப்பா.

"இந்த ஐப்பசிலதானுங்க பெரியப்பா. புது வெதை."

"அதான் மொளைக்கலை. கொழுக்கட்டைப்புல்லு வெதை தூங்கும் கண்ணு. இந்த வருசம் உருவுனா அடுத்த வருசந்தான் வெதைக்கோணும்."

அப்புறம் விசாரித்தால் படித்தவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். உருவிய உடனே அந்த விதைக்கு உறக்க காலம். ஆறேழு மாதமாவது சேமித்து வைத்தால்தான் முளைப்புத் திறன் வரும். யோசித்தால் எவ்வளவு அறிவான ஏற்பாடு. கார்த்திகையில் உதிரும் விதை அப்போதே முளைத்தால் தைக்கு அப்புறம் வரும் காய்ச்சலில் நாற்றெல்லாம் செத்துப்போகும். அடுத்த மழைக் காலம் வரும் வரை தூங்குகிற விதைதான் இந்தச் சீமையில் பிழைக்கும். மறுவருடம் ஆடியில், பெரியப்பா வீட்டு அட்டாலியில் (பரணில்) இருந்த பழைய விதையை வாங்கி விதைத்தேன். பத்து நாளில் காடு முழுக்கப் பச்சை மயிர் மாதிரி எழுந்தது.

வேலிக்குக் கிளுவைப் போத்து வெட்டி நட்டோம், நெருக்கமாக, சாய்த்து, ஒன்றோடு ஒன்று பின்னி. கம்பி வேலி போட்டால் ஒரே நாளில் முடியும் என்றார்கள். கிளுவை உயரமாக வளர மூன்று நாலு வருடம் ஆனது உண்மை. ஆனால் கம்பி வேலியடியில் கவுதாரி ஒதுங்காது, ஓணான் ஏறாது, அதன் இலை உதிர்ந்து ஓரத்து மண்ணை மூடாது. கொறங்காட்டு வேலியும் இட்டேரியும் போனதிலிருந்து பயிரில் புழு பிடிக்க வரும் குருவிகள் எங்கே தங்கும் என்று யாரும் கேட்கவில்லை. எங்களைச் சுற்றிக் கொறங்காடுகள் காற்றாலைக்கும் சோலாருக்கும் மனைக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. விற்கிறவர்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் வருமானம் இல்லாத காடு என்று எழுதித் தருகிறார்களே, அப்போது மனது அடித்துக்கொள்கிறது.

பணக் கணக்கையும் மறைக்கக் கூடாது. முதல் மூன்று வருடம் அந்த இரண்டு ஏக்கரில் கையில் காசு வரவில்லை. வீட்டை ஓட்டியது மிச்சமிருந்த தென்னையும், என் பழைய சேமிப்பும். இப்போது பன்னிரண்டு தாய் ஆடுகள் இருக்கின்றன, ஒரு எருமை, ஒரு மயிலை மாடு. வருடம் இரண்டு தவணை குட்டி விற்கிறோம். மானாவாரியில் சோளமும் தட்டப்பயிறும் கொள்ளும் திரும்ப வந்திருக்கின்றன, வீட்டுக்கு வேண்டிய பயறு கடையில் வாங்குவதில்லை. தென்னையை நான் வெறுக்கவில்லை, அதை மட்டும் நம்பியிருக்க மாட்டேன். தோப்புக்குள் ரோட்டவேட்டரை நிறுத்தி, மட்டையையும் பாளையையும் வெளியே போட்டு எரிக்காமல் மரத்தடியில் மூடாக்காகப் போடுகிறேன். "தோப்பு குப்பைக்காடா கெடக்குது" என்று அப்பா ஒரு வருடம் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூடாக்கைத் தள்ளிவிட்டு, அடியில் கையை விட்டுப் பாருங்கள் என்று ஒரு பங்குனி மதியம் அவரைக் கூட்டிப் போனேன். மேலே கால் வைக்க முடியாத சூடு, மட்டைக்கு அடியில் மண் ஜில்லென்று இருந்தது. அதற்கப்புறம் மட்டையை அவரே இழுத்துப் போடுகிறார், பேச்சு மட்டும் பழையபடிதான்.

மண் பரிசோதனை அட்டையில் கரிமச்சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'குறைவு' என்று போடுவார்கள். திரும்பி வந்தபோது எங்களுடையது குறைவு. இத்தனை வருடத்துக்கு அப்புறம், புல் போட்ட இடம் மட்டும் இப்போதுதான் 'நடுத்தரம்' என்கிற வரியைத் தொட்டிருக்கிறது. வெயில் அதிகமான ஊரில் மட்கு சீக்கிரம் எரிந்துபோகும். சேர்ப்பது மெதுவாகத்தான் நடக்கும், இழப்பது ஒரே கோடை உழவில் நடந்துவிடும்.

சரி, அந்த மூன்றாவது டம்ளர். அது நான் புல் போட்ட காட்டில் எடுத்த கட்டி. தண்ணீரில் போட்டதும் ஓரம் கொஞ்சம் உதிர்ந்தது, என் நெஞ்சு திக்கென்றது. அப்புறம் நின்றது. சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி அடியில் பொடியாகக் கிடந்தது, பாதி கட்டியாகவே இருந்தது. தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது. அவருடைய கட்டியை எட்ட இன்னும் எத்தனை வருடம் ஆகும் என்று பெரியப்பாவிடமே கேட்டேன். அவர் டம்ளரைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"அடுத்த துண்டையும் சேத்து வேலி போடு. ரெண்டா இருந்தா மாத்தி மாத்தி மேய்க்கலாம், இது நல்லா தழையும்."

அடுத்த துண்டு என்றால் அப்பாவின் தென்னையில் வெள்ளை ஈ தின்ற ஒரு ஏக்கர். அதை அவரிடம் நான் இன்னும் கேட்கவில்லை. ஆனால் இந்த ஐப்பசியில் நான் கதிர் உருவப் போனபோது அவரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூட வந்தார். இரண்டு பேரும் உருவியது ஒரு சாக்கு சேர்ந்தது. அது இப்போது எங்கள் அட்டாலியில் இருக்கிறது. ஆடிக்கு எடுக்க வேண்டும்.